வெந்நீரில் நிமிரும் கையுறை

எண்பதுகளில் பாலக்கோட்டுப் பக்கம் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர்களில் பாதிப் பேருக்குக் குழாய் பதித்தவர் சவுரியப்பன். பிளாஸ்டிக் குழாயைத் தீயில் வாட்டி, இளகியதும் வெறுங்கையால் வளைப்பார். பிடித்துப் பிடித்து உள்ளங்கை செருப்புத் தோலாகக் காய்த்துப் போயிருந்தது. வளைத்த குழாயில் மறுபடி சூடு பட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். தொழிலில் அது ஓயாத தொல்லை. மனைவி மதலேனம்மாளுக்கு பக்கவாதம் வந்து வலது கை மூடிக்கொண்ட பிறகுதான், அந்தத் தொல்லையே ஒரு உபாயமாக அவருக்குத் தோன்றியது.

தினமும் காலையில் அவர் தங்கை லூர்துமேரி வந்து மதலேனம்மாளுக்குச் சேலை கட்டிவிடுவாள்.

“கையத் தூக்குங்க அண்ணி. கல்யாணப் பொண்ணுகூட இம்புட்டு நேரம் நிக்கமாட்டா” என்று சிரிப்பாள்.

அவள் போனதும் மதலேனம்மாள் சொல்வாள்: “எஞ்சீலைய நானே கட்டிக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

குழாயை மெல்லிய பட்டைகளாக நீளவாக்கில் அறுத்தார் சவுரியப்பன். சூட்டில் இளக்கி, மடங்கிய விரல்களுக்கேற்பச் சுருட்டி ஆறவிட்டார். பழைய போர்வைத் துணியில் கையுறை தைத்து, உள்ளங்கைப் பக்கம் பட்டைகளைச் செருகினார். வெந்நீர் பட்டால் பட்டை நிமிரும். நிமிரும்போது விரலையும் தள்ளித் திறக்கும். வெதுவெதுப்புக்குப் பட்டை அசையவில்லை. சூட்டைக் கூட்டினார்.

வேலை முடிந்த சனிக்கிழமை மதலேனம்மாள் நாத்தனாரிடம், “நாளையிலிருந்து நீ வர வேணாம் மேரி” என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு பூசைக்குப் போன சவுரியப்பன் திரும்பி வந்ததும் மாட்டிப் பார்த்தார்கள். சவுரியப்பன் தண்ணீரில் தன் கையை விட்டுப் பார்த்தார். பொறுக்கிற சூடுதான்.

“சுடுதா மதலே?”

“இல்லீங்க. ஊத்துங்க.”

சுண்டுவிரல் முதலில் அசைந்தது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக.

“தொறக்குதுங்க! இன்னங் கொஞ்சம் ஊத்துங்க!”

பட்டை முழுக்க நிமிரும்வரை ஊற்றினார். கையுறையைக் கழற்றியபோது துணியோடு தோலும் வந்தது. அவர் கைக்குச் சூடு உறைக்காது. அவள் கைக்கு உணர்ச்சியே இல்லை. இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

புண் ஆற மழைக்காலம் முழுதும் ஆனது. ஆறிய தோல் சுருங்கி, விரல்களை முன்னைவிட இறுக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டது. அதுவரை நைட்டியில் கிடந்தவள் ஒரு நாள் எழுந்து உட்கார்ந்தாள்.

“நாந்தான் பாவி” என்றார் அவர்.

“ஊத்துங்க ஊத்துங்கன்னது ஆரு? போய் மேரிய வரச் சொல்லுங்க.”

“நானே கட்டிவுடறேன்.”

“உங்க கைபட்டா நூலெல்லாம் இழுத்துக்கும். இருக்கறதே நாலு சீலை. போங்க.”

சவுரியப்பன் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். லூர்துமேரி அவர் முகத்தைப் பார்த்தாள். சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் கூடவே நடந்தாள்.