சூடாக இருந்த இன்ஜின்

செகந்திராபாத் ஷோரூமில் மகன் காட்டிய புது மோட்டார் சைக்கிளின் இன்ஜினில் புறங்கையை வைத்தேன், சூடாக இருந்தது. டாங்கில் அப்பா ஓட்டிய வண்டியின் அதே பெயர், அதே தங்க எழுத்து. உதைத்துக் கிளப்பும் கிக்கர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பளபளவென்று ஒரு மூடி. எதை மூடியிருக்கிறார்கள்?

சனத்நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு திடல் இருந்தது. இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது. ஞாயிறு காலைகளில் அங்கே பழைய வண்டிகள் கைமாறும். எரிந்த ஆயிலும் பெட்ரோலும் கலந்த வாசனைக்குள் நடந்துபோய் அப்பா, விலை கேட்குமுன் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார், ஏனென்றால் சூடாக இருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை விற்பவன் முன்பே உதைத்துக் கிளப்பி வைத்திருக்கிறான் என்று பொருள்.

"இப்பதான் டீ குடிச்சிட்டு ஓட்டிட்டு வந்தேன் பாய்" என்பார்கள் விற்பவர்கள்.

"ஹவ், ஹவ்" என்று அப்பா ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டுச் சிரித்துவிட்டு, அரை மணி கழித்து இன்ஜின் ஆறியபின் வந்து, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, ஒரே உதை உதைப்பார். நல்ல வண்டி என்றால் டப், டப் என்று நிதானமாகப் பேசும். பொய் வண்டி இருமும்.

"டெஸ்ட் ரைடு போயிட்டு வந்த வண்டிப்பா. பட்டனைத் தட்டினா போதும். புக் பண்ணிடட்டுமா?" என்றான் மகன். அவனுடைய முதல் வண்டி. என் சம்மதத்துக்காக நின்றான்.

ஷோரூம் ஆட்கள் முன்னால் மறுத்துப் பேச எனக்குக் கூச்சம்.

"முட்டி வலிக்குதுடா, ஒரு அரை மணி உக்காந்துட்டுச் சொல்றேன்" என்று பொய் சொல்லி, அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.