மேல போயிட்டா

வானத்திலிருந்து பார்த்தால் உலகம் இப்படியா இருக்கும் என்று என் போனில் சாட்டிலைட் மேப்பை வைத்துக்கொண்டு ஆச்சரியப்பட ஆரம்பித்த பிறகுதான் அப்பா எனக்குக் கொஞ்சம் பிடிபட்டார். அதுவரை திராட்சைப் பந்தல், கவாத்து, மருந்தடிப்பு இவற்றைத் தவிர எங்களுக்குள் பேச விஷயம் இருந்ததில்லை. உத்தமபாளையத்தில் கல்லூரி அலுவலக வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும், காபி குடிக்கக்கூட விடாமல் பக்கத்தில் வந்து உட்காருவார். கடலுக்குள் பனைமர வடிவில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு, நட்சத்திரம் போலக் கட்டிய கோட்டை, பாலைவனத் தரையில் கீறிய பெரிய பறவை என்று ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டுவேன்.

எதையும் சும்மா பார்க்க மாட்டார். நொட்டை சொல்ல வேண்டும். பாலைவனத்தில் வட்டவட்டமாகப் பச்சை வயல்கள். நடுவில் ஒரு குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிப்பதால் அந்த வட்டம் என்று விளக்கினேன். "அப்ப நாலு மூலையும் தரிசாக் கெடக்கே ஆத்தா, இவனுக்கு யாரு வெவசாயம் சொல்லிக்குடுத்தா?" என்றார். பறவையில் மட்டும் நொட்டை சொல்லவில்லை. விமானமே இல்லாத காலத்தில் வரைந்தது என்று சொன்னதும், "மேல இருந்து பாக்க ஆளே இல்லாதப்ப யாருக்குக் காட்ட வரைஞ்சாக?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'மேல' என்றால் மேகமலை. எஸ்டேட் வேலைக்குப் போனவர்களை 'மேல போயிட்டாக' என்போம். லீவுக்கு வந்தால் 'கீழ வந்திருக்காக'. அக்கா அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரைத் தானே தேடிக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். வேறு சாதி. அப்பா சண்டைகூடப் போடவில்லை, பேச்சை நிறுத்தினார். நாங்கள் சிறியவர்களாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டதால் சமாதானம் பேசவும் வீட்டில் ஆள் இல்லை. யாராவது மூத்தவளைப் பற்றிக் கேட்டால், "மேல போயிட்டா" என்பார். அதோடு பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு நாள் திராட்சை வாங்க வெளியூரிலிருந்து வந்த வியாபாரி, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். "ரெண்டு பொண்ணு. மூத்தவ மேல போயிட்டா" என்றார் அப்பா. அந்த மனிதர் பதறிப்போய், "அய்யய்யோ, சின்ன வயசாச்சே!" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயெடுப்பதற்குள் அப்பா கையை உருவிக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். அக்கா உயிரோடுதான் இருக்கிறாள் என்று வியாபாரிக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா தீவும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம் என்றார். "நம்ம மேகமலை இதுல தெரியுமா?"

காட்டினேன். பச்சையைத் தள்ளித் தள்ளிப் போனதில் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் தகரக் கூரைகள் வரிசையாக வந்தன. ஓரிடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு. அப்பா விரலை அங்கேயே வைத்தார். "இங்கனதான். சேலை காயப் போட்டிருக்கா. அவளுக்குச் சின்னதுல இருந்தே செவப்புன்னா உசுரு." இது என்றோ எடுத்த படம், இப்போது நடப்பது இதில் தெரியாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! தினமும் பார்த்தார். அந்தச் சேலையை எடுக்கவே மாட்டாளா என்று நான் மடக்கியபோது, "மலையில வெயில் ஏது? காய நாளாகும்" என்று என்னையே முட்டாளாக்கினார். சேலை கிடக்கிறது, ஆகவே மகள் நன்றாக இருக்கிறாள். அந்தத் திருப்தியோடு போனைத் திருப்பித் தந்துவிடுவார்.

அக்காவோடு நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன், மலையில் சிக்னல் கிடைக்கிறபோது. அப்பா உன் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். "வான்னு ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லு, வர்றேன்" என்றாள். அதை அப்பாவிடம் சொன்னால், "அவ வீட்டுக்கு அவ வர்றதுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்?" என்றார். இரண்டும் ஒரே வார்ப்பு. சின்னமனூரிலிருந்து பஸ் போகிறது. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். இவரும் ஏறவில்லை, அவளும் இறங்கவில்லை. இந்த வீம்பில் போன வருஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன மழைக்காலத்தில் அப்பா பந்தலுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. யாரும் கூப்பிடவில்லை, அக்கா வந்தாள். தலை நரைத்திருந்தது. அப்பா அவளிடம் நலம் விசாரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "போனைக் கொண்டா" என்றார். படுத்தபடியே தேடிப் பிடித்து அவளிடம் நீட்டினார்.

"இங்கன பாரு, உன் சேலை."

அக்கா போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஆமாப்பா. என் சேலைதான்."

அடுப்படிக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். "அது லைன் வீட்டுக் கக்கூஸ் கூரைடி. தகரத்துக்குச் செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்காக. எங்க வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், மரத்துக்கு அடியில. வானத்துல இருந்து பாத்தாத் தெரியவே தெரியாது."

சிரிக்கத்தான் ஆரம்பித்தோம். அவள்தான் முதலில் உடைந்தாள். "இத்தன வருஷமா இதையா பாத்தாக?" என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "எந்திரிச்சு நடமாடினதும் நானே மேல வர்றேன் ஆத்தா. உன் வீட்டுக்குள்ள வந்து ஒருவாய் காப்பி குடிக்கணும்."

அந்தக் கரடுமுரடான மலை ரோட்டில் பஸ்ஸிலோ ஜீப்பிலோ இனி அவரால் உட்கார முடியாது என்று டாக்டர் காலையில்தான் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அவருக்குச் சொல்லவில்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போய் நின்றாள்.

"வாங்கப்பா," என்றாள். "பஸ்ஸு எங்க வீட்டு வாசல்லதான் நிக்கும்."