வெள்ளை பெல்ட் அம்மா

கராத்தே வகுப்பில் அம்மா எனக்குப் பின்னால்தான் நிற்பாள். அங்கே வயதுக்கு மரியாதை கிடையாது, பெல்ட்டின் நிறத்துக்குத்தான். முன்னால் பிரவுன் பெல்ட் அண்ணன்கள் இரண்டு பேர், அடுத்து நீலம், பச்சை, ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெள்ளை. வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பொடிசுகளுக்கு நடுவில், சுடிதார் பேண்ட்டுக்கு மேலே மாஸ்டர் தேடிக் கொடுத்த பழைய கராத்தே சட்டையை மாட்டிக்கொண்டு, முப்பத்தைந்து வயது அம்மா நிற்பாள். சட்டையில் முன்பு போட்டிருந்த யாரோ ஒருவரின் மஞ்சள் கறை தோள்பட்டையில் அப்படியே இருந்தது.

என்னைக் கராத்தேயில் சேர்த்தது அப்பா. அவர் வேலை பார்த்த இரும்புக் கடை முதலாளியின் மகள் ஏதோ போட்டியில் கோப்பை வாங்கிவிட்டாள். அன்று சாயங்காலமே அப்பாவுக்கு நாட்டில் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பெரிய கவலை வந்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஐந்தரை முதல் ஆறரை வரை வகுப்பு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளக் கற்கப் போகிற பெண்பிள்ளை இரண்டு தெரு தனியாக நடக்கக் கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. கொண்டு போய் விட்டுக் கூட்டி வரும் வேலை, வீட்டின் மற்ற வேலைகளைப் போலவே, அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

அம்மா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். விடிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து சோறும் குழம்பும் வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு மில் பஸ் பிடிப்பாள். அங்கே எட்டு மணி நேரமும் நடைதான். வரிசையாக ஓடும் மிஷின்களுக்கு நடுவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும், அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது. சாயங்காலம் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

வந்தவள் செத்த நேரம் படுக்கலாமே என்றால், வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. மோசமானவள் இல்லை. காலில் நீர்க்கட்டு, நடக்க முடியாது, நாள் பூராவும் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவளுக்கு உயிர் வந்துவிடும். பாத்திரம், துணி, தண்ணீர் பிடிப்பது எல்லாம் முடிந்து அம்மா பாயைத் தொடும்போது, “ஏத்தா, விளக்கு வைக்கிற நேரத்துல பொம்பள படுத்தா வீடு வெளங்குமா?” என்பாள். அம்மா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு விளக்குக்குத் திரி திரிக்கப் போவாள். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் நாலரை மணிக்கே ஆரம்பித்துவிடும்.

முதல் மாதம் அம்மா என்னை விட்டுவிட்டுக் கூடத்து வெளிப்படியில் உட்கார்ந்திருப்பாள். சுவரில் தலை சாய்த்திருப்பாள். தெருவில் யாரோ பார்த்து அத்தையிடம் சொல்லிவிட்டார்கள்.

“அங்க போயி ஒரு மணி நேரம் சும்மா ஒக்காந்திருக்காளாம்ல. வந்து வெங்காயம் உரிச்சு வச்சா ராத்திரி வெஞ்சனத்துக்கு ஆகும்ல” என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். அதில் நியாயம் இருப்பதாக அப்பாவுக்கும் பட்டது. அதிலிருந்து அம்மா என்னை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துவிட்டு, மறுபடி கூப்பிட வந்தாள். இரண்டு தெரு என்பது நாலு தடவை நடந்தால் எட்டுத் தெரு.

அப்போதுதான் மாஸ்டர், பிள்ளைகளோடு அம்மாமார்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம், அவர்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார். ஒருத்தரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்லியிருப்பார். அன்று சாப்பிடும்போது அம்மா, “நானும் சேந்துக்கிறேன்” என்றாள். அப்பா கையில் எடுத்த சோற்றோடு அப்படியே பார்த்தார். அம்மா எதையும் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. ஒரு புடவை வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. கேட்டதுதான் கேட்டாள், கராத்தேயைக் கேட்டாள்.

“இருட்டோட மில் பஸ்ஸுக்குப் போறேன். நாலு அடி தெரிஞ்சு வச்சா நல்லதுதான” என்றாள். அப்பா சோற்றை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். “நம்ம வீட்ல ஒரு போலீஸ்காரி” என்று அத்தை மட்டும் ஒரு வாரம் சிரித்தாள்.

அம்மாவுக்குக் கராத்தே வரவே இல்லை. இடது கால் என்றால் வலது காலை வைப்பாள். எதிரே வரும் கையைத் தடுக்கச் சொன்னால், “அடிபட்டுச்சாப்பா?” என்று எதிரில் நிற்கும் பையனைக் கேட்பாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளை யாரும் மிஞ்ச முடியவில்லை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரையில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் எங்களுக்கெல்லாம் தொடை நடுங்கும். அம்மா நின்றுகொண்டே இருப்பாள். மில்லுக்குக் கொடுத்த காலில் மிச்சமிருந்ததை மாஸ்டருக்குக் கொடுத்தாள்.

வகுப்பு முடியும்போது மாஸ்டர் “மொக்குசோ” என்று குரல் கொடுப்பார். எல்லோரும் மண்டியிட்டு, குதிகாலில் உட்கார்ந்து, கண்களை மூடி மனதை அடக்க வேண்டும். ஐந்து நிமிஷம். சத்தம் வரக் கூடாது. பிறகு “யாமே” என்பார், கண் திறக்கலாம். அந்த ஐந்து நிமிஷம் எங்களுக்குப் பெரிய தண்டனை. மூக்கு அரிக்கும், பக்கத்தில் இருப்பவன் கிள்ளுவான். அம்மா மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். “ஏலே, அந்த அம்மாவப் பாருங்கலே. மனசு அப்படி நிக்கணும்” என்று மாஸ்டர் எங்களிடம் சொல்வார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் அவள் கராத்தேயில் சேர்ந்ததே. நாள் முழுக்க அவளை யாரும் கூப்பிடாத ஐந்து நிமிஷம் அது ஒன்றுதான். அதற்காக மீதி ஐம்பத்தைந்து நிமிஷமும் காற்றில் கை வீசினாள். இதைப் புரிந்துகொள்ள நானே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை மோத மோதத் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறேன். வீட்டில் கேட்டால் பஸ் லேட் என்கிறேன்.

ஒன்றரை வருஷத்தில் நான் மஞ்சள் வாங்கி, ஆரஞ்சும் வாங்கிவிட்டேன். ஒவ்வொரு தேர்வுக்கும் அம்மா ஷிப்டைக் காரணம் சொல்லி நழுவினாள். வகுப்பில் ஜோடி சேர்த்து விடும்போது கீழ் பெல்ட் மேல் பெல்ட்டுக்கு முதலில் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். ஒருநாள் அம்மா எனக்கு ஜோடியாக வந்து நின்று குனிந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கூச்சமெல்லாம் இல்லை, பிடித்திருந்தது. அதற்குப் பிறகு வீட்டிலும் அவளை விரட்ட ஆரம்பித்தேன். அவள் சட்னி அரைக்கும்போது, “முழங்கையை உள்ள வைம்மா” என்பேன்.

நான் பச்சைக்குத் தேர்வுக்குப் போகும்போது அம்மாவும் மஞ்சளுக்கு வந்தே ஆக வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். “ஒண்ணர வருஷமா வெள்ளையிலயே இருந்தா என்னைப் பத்தி என்னம்மா நெனப்பாங்க?” என்றார். எனக்கும் அதே கவலைதான். பச்சை பெல்ட்டுக்காரியின் அம்மா வெள்ளை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? பதினைந்து நாள் அடுப்படியில் வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கு, “மொதல்ல அஞ்சறைப் பெட்டி, அப்புறம் தண்ணிக்குடம்” என்று அடையாளம் வைத்தாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மில்லில் ஒரு பெண் வராததால் அம்மா இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்திருந்தாள். மதுரையிலிருந்து வர வேண்டிய பரீட்சை மாஸ்டர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை பெல்ட் வரிசையில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். கூடத்தைச் சுற்றிலும் அப்பா அம்மாக்கள் நாற்காலியில் இருந்தார்கள். எங்கள் அப்பா வரவில்லை, கடையில் சரக்கு இறங்குகிற நாள். நான் என் பங்கைத் தப்பில்லாமல் செய்தேன். அம்மாவும் செய்தாள். அஞ்சறைப் பெட்டிப் பக்கமும் தண்ணிக்குடம் பக்கமும் சரியாகத் திரும்பினாள். எனக்கு மூச்சு வந்தது.

பெல்ட் கொடுப்பதற்கு முன்னால் மொக்குசோ. மதுரைக்காரர் தாராளமாகப் பத்து நிமிஷம் கொடுத்தார். பிறகு “யாமே” என்றார். எல்லோரும் கண் திறந்தோம். அம்மா திறக்கவில்லை.

மதுரைக்காரருக்கு ஒரே சந்தோஷம். “பாருங்க, இதுதான் மனசை அடக்குறது. இம்புட்டுச் சத்தத்துலயும் அந்த அம்மா எங்க இருக்காங்க பாருங்க” என்று பெற்றோர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். பேசிக்கொண்டே அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது. சின்னதாக ஒரு குறட்டை வந்தது. அடுத்து வந்தது சின்னது இல்லை. பக்கத்திலிருந்த பொடியன் அவளை விரலால் குத்தினான். அவள் அப்படியே அவன் மேல் சாய்ந்தாள்.

கூடமே சிரித்தது. நாற்காலியில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரவுன் பெல்ட் அண்ணன்கள் பொத்தாமலே சிரித்தார்கள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்மணி யாரோ என்கிற மாதிரி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதுரைக்காரர் கெட்டவர் இல்லை, அவரும் சிரித்துவிட்டு அம்மாவுக்கு மஞ்சள் பெல்ட் கொடுத்தார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார். புது பெல்ட்டைப் பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர்தான் கட்டிவிட வேண்டும் என்று எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். அம்மா எழுந்து வந்தாள். கன்னத்தில் பொடியனின் சட்டைத் தையல் பதிந்திருந்தது. நான் பெல்ட்டை அவள் கையில் கொடுக்காமல் நானே கட்டிக்கொண்டேன். முடிச்சு கோணலாக விழுந்தது. அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். அவளுக்கு வருத்தமே இல்லாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. “நல்லாத் தூங்கிட்டேன்ல? கனவெல்லாம் வந்துச்சு” என்று சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது.

“இனிமே நீ கிளாஸுக்கு வராதம்மா” என்றேன்.

முதல் தெரு முடிந்தது. பிறகு அம்மா கேட்டாள்.

“உள்ள வரல. கூடத்து மாடிப்படிக்குப் பின்னால உக்காந்துக்கிறேன். யாரு கண்ணுலயும் படமாட்டேன்.”

“வேணாம்.”

“பொம்பளப்புள்ள தனியாப் போகக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாருல்ல?”

“எதிர் வீட்டு அக்கா சேரப் போகுது. நான் அது கூடப் போயிக்கிறேன். அப்பாட்ட நானே சொல்றேன்.”

அவள் நின்றுவிட்டாள். “வாரத்துல ஒரு நாள் மட்டும்?” என்றாள். என்னை விடப் பெரியவர்களிடம் நான் எதையாவது கேட்கும்போது என் குரல் எப்படி வருமோ அப்படி வந்தது அவள் குரல்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பெற்ற பிள்ளையை வெளியே அனுப்ப அம்மாவுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன். கோபமெல்லாம் இறங்கி, திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் பச்சை பெல்ட்டும்மா. எனக்கு ஒரு பயமும் இல்ல. நீ நிம்மதியா வீட்ல இரு” என்றேன்.

“சரித்தா” என்றாள் அம்மா.