சீட்டுக்குள் இருந்த நார்

அறுபதுகளின் கடைசியில், தறிக்காரர்களுக்குப் பட்டுப் பாவு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். பிரசவ வலி வந்த என் மனைவியை அதில்தான் தாமலிலிருந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். வாசலில் இறக்கும்போது அவளுக்கு உயிர் இல்லை. குழந்தையும் போய்விட்டது.

காரியம் முடிந்ததும் வண்டியை விற்றுவிட்டு எங்காவது போய்விட நினைத்தேன். கறை படிந்த சீட்டோடு யார் வாங்குவார்கள்? காஞ்சிபுரத்தில் சீட் தைக்கும் பாய் ஒருவரிடம் புதிதாகப் போடச் சொன்னேன்.

அவர் ரெக்சினைக் கிழித்தார். உள்ளே தேங்காய் நார் கறுத்து இறுகிக் கிடந்தது.

"இன்னாபா இது, ஆடு அறுத்து ஏத்திக்கினு வந்தியா?" என்று சிரித்தார்.

"என் சம்சாரம், பாய். பிரசவத்துல போயிட்டா. அதைக் குப்பையில போட்டுடுங்க."

அவர் கை நின்றது.

"மனுஷ ரத்தத்த குப்பையில போடக் கூடாதுபா. மண்ணுல பொதைக்கணும்."

கடைக்குப் பின்னால் குழி தோண்டினார். நாரைத் தன் துண்டில் சுற்றி உள்ளே வைத்தார்.

"பேரு இன்னா?"

"செல்லம்மா."

"நீயே மண்ணு தள்ளுபா."

கொள்ளி வைத்தபோது வராத அழுகை அங்கே வந்தது. பாய் உள்ளே போய்த் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

வண்டியை விற்று, ஊர் ஊராகத் திரிந்தேன். காஞ்சிபுரம் வந்தால் சுடுகாட்டுப் பக்கம் போவதில்லை. அந்தக் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நிற்பேன்.