கிணற்றில் விழுந்த மஞ்சள் கேமரா

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ண வேண்டும். ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கண்ணுக்கு, எட்டத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டு வந்து காட்டுகிற கேமரா ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மார்கழியில் ஒருவழியாக ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கிவிட்டேன். அந்த வகையில் அதுதான் ஆகக் கீழ்ப்படி, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. கடைக்காரர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. இரண்டு லென்ஸ், ஒரு கறுப்புப் பை, கழுத்தில் மாட்ட ஒரு பட்டை. பேருந்தில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அதே மாதம் மாமா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அங்கே துறைமுகத்தில் படகுகளைப் பழுது பார்க்கிற இடத்தில் வேலை. படகின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய்ப் படம் எடுக்க அங்கே ஒரு சின்ன கேமரா வைத்திருப்பார்களாம். அதே மாதிரி ஒன்றை அக்காவுக்கு வாங்கி வந்துவிட்டார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, எலுமிச்சம்பழ மஞ்சள். ஐம்பதடி ஆழத்துக்குப் போனாலும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று சொன்னார்.

அக்கா வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம், ஒலக்கூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் அங்கே, நான் இங்கே. சண்டை முழுக்க போனில் நடந்தது.

ஏரிக்கரையில் நான் எடுத்த ஒரு மீன்கொத்தியை முதலில் அனுப்பினேன். இரண்டு மணி நேரம் வெயிலில் குந்திக் காத்திருந்து எடுத்த படம். அலகு நுனியில் ஒரு துளித் தண்ணீர் கூடத் தெரியும். அக்கா உடனே கூப்பிட்டாள்.

"இன்னாடி இது, பின்னாடியெல்லாம் ஒரே மசமசன்னு இருக்குது? புது கேமராதானே?"

"அது அப்படித்தாங்கா இருக்கணும். அப்பதான் பறவை தனியா எடுப்பாத் தெரியும்."

"என்னுதுல பாரு. மூக்குலேர்ந்து பின்னாடி பனைமரம் வரைக்கும் பளிச்சுன்னு உழுந்திருக்குது."

உண்மைதான். அவள் அனுப்பிய படத்தில் மாமாவின் மூக்கு, முதுகுக்குப் பின்னால் மாடு, மாட்டுக்குப் பின்னால் பனைமரம், எல்லாம் ஒரே தெளிவில் இருந்தன. எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. சாயங்காலம் எடுத்த படங்களில் மட்டும் முகமெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அதை நான் சுட்டிக்காட்டினேன். மறுநாள் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் கேமராவைக் குழாயடியில் பிடித்து, சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்னுத இதுமாரி கழுவுவியாடி?" என்று கேட்டு ஒரே சிரிப்பு.

என்னுடையதைத் தூறல் விழுந்தாலே புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குப் போட்டியாக நிலாவை எடுத்து அனுப்பினேன். அதில் இருக்கிற பள்ளங்கள் வரை தெரிந்தன. அவள் பதிலுக்கு எடுத்த நிலா, சட்டையில் பட்ட சுண்ணாம்புப் பொட்டு மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

கடைசியில் மாமாதான் சொன்னார். "போன்ல பேசிக்கினே இருந்தா எப்ப முடியிறது? ஞாயித்துக்கெழமை கெளம்பி வா பாப்பா. நம்ம கெணத்துல தண்ணி மேல நிக்குது. ரெண்டு பேரும் அங்க எடுத்துப் பார்த்துக்குங்க."

தை மாதத்து ஞாயிறு. விழுப்புரத்தில் ரயில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினேன். மாமா வண்டியோடு நின்றிருந்தார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

கொல்லை என்று அவர்கள் சொல்கிற நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு முளைத்துப் பச்சை கட்டியிருந்தது. நடுவில் கிணறு. நாலு பக்கமும் கருங்கல் கட்டிய பெரிய சதுரக் கிணறு. ஒரு ஓரமாக இறங்கப் படிகள், எதிர்ப்பக்கம் மோட்டார் கொட்டகை, அங்கிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற இரும்புக் குழாய். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் ஏழெட்டுப் படிக்குக் கீழேயே தளும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே முப்பதடி ஆழம் இருக்கும் என்றார் மாமா. எனக்கு நீச்சல் தெரியாது. நான் மேல்படியோடு நின்றுகொண்டேன்.

அக்கா சுடிதாரின் மேல் மாமாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்து நாலு வயது. எனக்குத் தெரிந்து அவ்வளவு குதூகலமாக அவள் முகம் இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் மாமா குதிப்பது, நாங்கள் இருவரும் எடுப்பது என்று பேச்சு. மாமா கொட்டகைத் திண்டில் ஏறி நின்று, "ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் பாய்ந்தார். நான் பொத்தானை விடாமல் அழுத்தினேன். சடசடவென்று ஆறு படம். கால் திண்டை விட்டு எழும்புவது, கை விரிவது, உடம்பு வில்லாக வளைவது, விரல் நுனி தண்ணீரைத் தொடுவது என்று எல்லாம் வந்திருந்தன. அக்காவும் அதே நேரம்தான் அழுத்தினாள். அவளுடையது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அவள் படத்தில் மாமாவே இல்லை. பொங்கிய தண்ணீர் மட்டும் இருந்தது.

"நான்தான் ஜெயிச்சேன்!" என்று கத்தினேன். என் குரல் கிணற்றுக்குள் போய்ச் சுற்றி வந்தது.

"இருடி. நீ மேல எடுத்தே. உள்ள எடுப்பியா?"

சொல்லிக்கொண்டே அக்கா படியிறங்கி, மூச்சை இழுத்துத் தண்ணீருக்குள் போய்விட்டாள். மாமா மறுபடியும் குதித்தார். அக்கா எழுந்து வந்து, தலையை உதறிக்கொண்டு, கேமராவை என் பக்கம் நீட்டினாள். பச்சை வெளிச்சம். அதன் நடுவே மேலிருந்து கீழே வெள்ளைக் குமிழிகளால் ஒரு தூண். அந்தத் தூணின் நுனியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னம் உப்பி, மாமா. நான் எடுத்த ஆறு படங்களும் முடிகிற இடத்தில் அந்தப் படம் தொடங்கியிருந்தது. இப்படி ஒன்று தினமும் இந்தக் கிணற்றுக்குள் நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அதை நாலு முறை பார்த்தேன்.

மூன்றாவதாக அக்காவே குதிக்கிறேன் என்றாள். வீடியோவை ஓடவிட்டு, கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு குதிப்பாள். நான் மேலேயிருந்து எடுக்க வேண்டும். மணிக்கட்டில் கேமராவின் கயிற்றை மாட்டிக்கொண்டு, "எடுடீ!" என்று கூவிக்கொண்டே பாய்ந்தாள். நான் அழுத்தினேன். தண்ணீர் என் கால் வரை தெறித்தது. அக்கா மேலே வந்தாள். சிரிப்போடு வந்தவள் கையைப் பார்த்தாள்.

"ஐயய்யோ, காணோம்!"

கயிறு கழன்று போயிருந்தது. மாமா அவள் விழுந்த இடத்திலேயே முழுகினார். எழுந்தார், மூச்சு வாங்கினார், மறுபடியும் முழுகினார். ஐந்து முறை. அடியில் ஒரே சேறு, கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். அக்காவும் முழுகிப் பார்த்துவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்து, "எங்க வூட்ல பாதாளக்கரண்டி இருக்குது, எடுத்தாரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற இரும்புக் கொக்கிக் கொத்து அது.

"பேஜாராப் போச்சு," என்றார் மாமா. "இவ்ளோ பெரிய கெணத்துல எங்கன்னு போயி துழாவுறது?"

நான் என் கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பாய்கிற படங்களை ஒன்றொன்றாகத் தள்ளினேன். மூன்றாவது படத்தில் அவள் கையில் மஞ்சள் இருந்தது. நாலாவதில் கை வெறுமையாக இருந்தது. இரண்டிலுமே அவள் அந்தரத்தில்தான் இருந்தாள்! கேமரா தண்ணீருக்குள் நழுவவே இல்லை, கை வீசும்போதே பறந்துவிட்டிருக்கிறது. ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாக நகர்த்தினேன். ஆய்வகத்தில் ஒரு அணுவைத் தேடுகிற மாதிரியே தேடினேன். இடது ஓரத்தில், இரும்புக் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, தண்ணீருக்குச் சற்று மேலே, மிளகளவு ஒரு மஞ்சள் புள்ளி.

"மாமா! அங்க இல்ல மாமா! குழாய்கிட்ட! குழாய்கிட்டதான் உழுந்துச்சு!"

கத்தின கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. மாமா தலையைத் திருப்பி, "அங்க அடியில ஒரு பாறைத் திட்டு இருக்குது," என்றார். "அதுமேல உழுந்திருந்தா ஆழம் பாதிதான்." பக்கத்துக் கொல்லை அம்மா பாதாளக்கரண்டியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மாமா கொட்டகைப் பக்கம் ஏறிக் குழாயைப் பிடித்துச் சாய்ந்துகொண்டு கரண்டியைக் கயிற்றில் இறக்கினார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் இந்தப் பக்கம், கொஞ்சம் செவுத்துப் பக்கம்," என்று வழி சொன்னேன். முதல் தடவை பாசி வந்தது. இரண்டாவது தடவை ஒரு பழைய செருப்பு. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை மாமா கயிற்றை மெதுவாக, முட்டையைத் தூக்குகிற மாதிரி இழுத்தார். தண்ணீருக்குள் முதலில் ஒரு மஞ்சள் நிழல் தெரிந்தது. பிறகு கொக்கியில் அதன் கைக்கயிறு மாட்டி, சொட்டச் சொட்ட, கேமரா. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஓடிக்கினேதான் இருக்குது!" என்று அக்கா அலறினாள்.

கொட்டகை நிழலில் நாலு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்த வீடியோவைப் பார்த்தோம். முதலில் வானம், தென்னை, தலைகீழாக அக்கா, கல், மறுபடி வானம் என்று எல்லாம் சுழன்றது. பிறகு தண்ணீரில் மோதிய சத்தம். குமிழிகள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்க, கேமரா இறங்கி இறங்கி ஒரு இடத்தில் மல்லாந்து படுத்துவிட்டது. மேலே, தூரத்தில், வெளிச்சச் சதுரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் கிணற்றின் வாய். சதுரத்தின் மறுகோடியில் மாமாவின் கால்கள் உதைத்து உதைத்துத் தேடின. எவ்வளவு தள்ளித் தேடியிருக்கிறோம் என்று பார்த்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க இன்னாங்க தேடிக்கினு இருக்கீங்க, நான் இங்க இருக்கிறேன்னு அது சொல்லுது பாரு," என்றாள் அக்கா.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை, கொஞ்ச நேரம். வெளிச்சம் மட்டும் அலைந்தது. திரையின் ஓரத்திலிருந்து விரல் நீள மீன் ஒன்று வந்தது. நின்றது. லென்ஸுக்கு நேராக வாயைத் திறந்து மூடியது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. மூன்றும் சேர்ந்து எங்களை உற்றுப் பார்த்தன. பக்கத்துக் கொல்லை அம்மா, "யம்மாடி, எவ்ளோ அழகாக் கீது!" என்று கையைத் தட்டினார். கடைசியில் மேலேயிருந்து பாதாளக்கரண்டியின் கொக்கிகள் ஆடி ஆடி இறங்கி வந்தன. மீன்கள் பறந்துவிட்டன.

முடிந்ததும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னுது இல்லன்னா என்னுது போயிருக்கும்டி," என்றாள். அத்தனை நாள் போன் சண்டைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. "உன்னுது எடுத்த மாதிரி என்னுது நூறு ஜென்மத்துக்கும் எடுக்காதுக்கா," என்றேன். மனதாரச் சொன்னேன். என் கேமராவுக்கு அந்தக் கிணற்றின் மேல்தோல் மட்டும்தான் தெரியும்.

"அப்ப நீயே உள்ள போய்ப் பாரு. ஜல்தி, வெயில் எறங்கறதுக்குள்ள," என்று லாரி டியூப் ஒன்றை மாமா தண்ணீரில் தூக்கிப் போட்டார்.

மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். அக்கா டியூபைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் கேமராவை இந்த முறை என் மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். மூச்சை அடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். காது அடைத்தது. கண்ணைத் திறந்தேன். கல் சுவர் பச்சையாக இறங்கிக்கொண்டே போக, வெயில் கோடு கோடாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. என் காலுக்குக் கீழே, நான் நினைத்தே பார்க்காத அளவுக்கு இடம் இருந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து, தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

அன்றைக்கு உள்ளே முப்பது படம் எடுத்திருப்பேன். பாதிக்கு மேல் டியூபும் என் கட்டை விரலும்தான். ஒன்றில் மட்டும் அக்காவின் இரண்டு பாதங்கள், கொலுசோடு, வெளிச்சத்துக்குள் மிதந்துகொண்டிருந்தன.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மாமா மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். மாதம் இரண்டு ஞாயிறு நான் அந்தக் கிணற்றுக்குப் போகிறேன், அக்காவிடம் நீச்சல் பழக.