நாற்பது பேரும் ஐந்துக்கு ஐந்து

நாற்பத்தொரு வயதில் எனக்குப் படிப்புப் பேய் பிடித்தது. கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பு; ஊருக்கு நான் 'மிஸ்'. பொறுப்பு என்றால், அடுத்தவர்களின் பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்தெடுப்பது. அப்படி ஒரு தாளை இழுத்துக்கொண்டிருந்த நாளில்தான், தகவல் தொழில்நுட்பத்தில், பெயருக்கு முன்னால் 'டொக்டர்' போடவைக்கும் தொழில்சார் கலாநிதிப் பட்டம் என்று ஒன்று இருப்பதும், அதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்பதும் தெரியவந்தது. நூலகத்தில் குந்தியிருக்கத் தேவையில்லை. நம்மைச் சுற்றியிருக்கும் ஒரு பிரச்சினையைக் கணினியால் தீர்த்து, தீர்ந்துவிட்டது என்று நிரூபித்தால் போதும். இது எனக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. மண்டைக்கனம்தான், வேறென்ன.

நான் எடுத்த பிரச்சினை தண்ணீர். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரேயடியாகப் போகாது, முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் பக்கத்து வாய்க்காலின் கதவைத் திறந்து விடுபவர் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். ஒரு பழைய மோட்டார்சைக்கிளும், சட்டைப்பைக்குள் மூலை மடிந்த கொப்பியும்தான் அவருடைய அலுவலகம். தண்ணீர் வரும் நாளில் அந்தக் கொப்பியைப் பார்த்து நாற்பது கமக்காரருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொல்வார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அவர் தன் போனில் ஒரு பட்டனை அமத்தினால் நாற்பது பேருக்கும் தமிழில் மெசேஜ் போவதற்கு ஒரு செயலியைச் செய்து கொடுத்தேன். என் போனுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மெசேஜ் வரும். நான் அதை இரண்டு தரம் வாசித்துச் சந்தோசப்படுவேன்.

போகம் முடிய இன்னும் மூன்று தண்ணீர் முறை இருக்கையில், கருத்துக் கேட்கும் படிவத்தைக் கொடுத்தேன். பத்துக் கேள்விகள். மோசம் என்றால் ஒன்று, மிக நன்று என்றால் ஐந்து.

நாற்பது பேரும் பத்துக் கேள்விக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். ஒரு ஐயா ஐந்தாவது கட்டத்துக்குப் பக்கத்தில் தானாகவே ஆறாவது கட்டம் ஒன்றைக் கீறி, அதற்குள் சரி போட்டிருந்தார்.

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளைக்குச் சோதினை என்றால் கோயில் லவுட்ஸ்பீக்கரின் சத்தம் குறையும். பக்கத்து வீட்டுக்காரி தன் நாயைக்கூட அதட்டி வைப்பாள். பிள்ளைக்கு இப்போது நாற்பத்தைந்து வயது என்பதற்காக அந்தச் சலுகையில் ஒரு குறையும் வரவில்லை. படிவத்தை என் சோதினைத்தாள் என்றும், தாங்கள்தான் புள்ளி போடுபவர்கள் என்றும் அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

படிவங்களை அனுப்பியதும் பல்கலைக்கழகத்து மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் வந்தது. இது தரவு அல்ல, வாழ்த்து மடல் என்றார். மூன்று வாரத்துக்குள் நம்பக்கூடிய கருத்துகள் வராவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். நான்கு வருடப் படிப்பும் அத்தோடு சரி.

கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு ஓடினேன். "இது என்ர சோதினை இல்லை. குறை இருந்தாச் சொல்லுங்கோ. குறை சொன்னாத்தான் எனக்கு நல்லது," என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

தலைவர் எழுந்து நின்று, "எல்லாருக்கும் விளங்கிச்சுதோ? குறைச்சுப் போட்டாத்தான் மிஸ் பாஸாம்," என்றார்.

நாற்பது பேரும் பத்துக் கேள்விக்கும் ஒன்று போட்டார்கள். 'இந்தக் கேள்விகள் உங்களுக்கு விளங்கினவா' என்பது கடைசிக் கேள்வி. அதற்கும் ஒன்றுதான். அது மட்டும் உண்மையாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து படிவங்களைக் கதிரையில் எறிந்தேன். என் கணவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சையும் ஒண்டையும் கூட்டிப் பாதியாக்கி மூண்டெண்டு அனுப்பிவிடுமன்," என்றார். அன்று அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

மறுநாள் வாய்க்காலின் கடைசி வயல்காரியைத் தேடிப் போனேன். தண்ணீர் கடைசியாக வரும் இடத்தில் குறையில்லாத மனிதர் இருக்க முடியாது என்பது என் கணக்கு. அவா வரம்பில் நின்று புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தா.

"அக்கா, பேப்பரை விடுவம். தண்ணி வாறதை நீங்கள் எப்பிடி அறியிறனீங்கள்?"

"விடிய அவர் போன் எடுப்பார்."

"ஆர்?"

"கதவு திறக்கிறவர்தான். வேற ஆர்?"

"மெசேஜ் வாறேல்லையோ?"

அவா இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்துத் தந்தா. என் மெசேஜ்கள் எல்லாம் அதில் இருந்தன. தமிழ் எழுத்துகளைக் காட்டத் தெரியாத போன் அது. வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள்.

"எங்களில கனபேரின்ர போன் இப்பிடித்தான். மிச்ச ஆக்களுக்கு மெசேஜ் பாக்கிற பழக்கமே இல்லை. 'மிஸ்ஸுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம், நாலு வருசமாப் படிக்குது' எண்டு கதவு திறக்கிறவர்தான் எங்களுக்குச் சொன்னவர்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவாவுக்கு உறைத்தது. மீண்டும் குனிந்து புல்லுப் பிடுங்கத் தொடங்கினா.

கதவு திறப்பவரை வாய்க்கால் கரையில் பிடித்தேன்.

"அண்ணை, நாப்பது பேருக்கும் போன் எடுத்தனீங்களோ?"

"ஓம் தங்கச்சி. முந்தியும் எடுக்கிறனான்தானே."

"அப்ப என்ர பட்டனை ஏன் அமத்தினனீங்கள்?"

"அதை அமத்தாட்டி உங்கட கணக்கில ஒரு நாள் விடுபட்டுப் போமெல்லே. முதல் அதை அமத்துவன். பிறகு போன் எடுப்பன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. என் நான்கு வருட ஆராய்ச்சியின் முழுப் பலன், ஒரு மனிதனுக்கு ஒரு வேலை கூடியதுதான். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பிறகு வெட்கம் வந்தது. அது யார்மேல் என்று நன்றாகத் தெரிந்தது.

"இதை நான் அப்பிடியே எழுதப்போறன் அண்ணை."

அவர் திடுக்கிட்டுப் போனார். "எழுதினாப் படிப்புக்குப் பிழை வருமோ?"

"வரலாம்."

"அப்ப நான்தான் அதை ஒழுங்காப் பாவிக்கேல்லை எண்டு எழுதுங்கோ. பிழையை என்னில போடுங்கோ. எனக்கென்ன, நானோ சோதினை எடுக்கிறன்?"

இந்த மனிதனுக்குத்தான் நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம் அண்ணை. நாளையில இருந்து அந்தச் செயலியை நிப்பாட்டுறன்."

"அப்ப இனி அதில அமத்தத் தேவையில்லையோ?"

"தேவையில்லை."

"அப்பாடா," என்றார் அவர். சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நடந்த எல்லாவற்றையும், அந்த 'அப்பாடா'வையும் விடாமல் எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். நான்கு வருடத்தில் உங்களுக்குக் கிடைத்த முதல் நேர்மையான கருத்து இதுதான், இதிலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்று பதில் வந்தது.