மரத்துக்கு அடியில் இருந்த எழுத்து

போன கிழமை கல்லடியில் ஒரு தையற்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வந்த அலுவல் மறந்துவிட்டது. உங்களுக்கு அது தையல் மெஷின் எண்ணெய். எனக்கு அது உன்னிச்சை ஊரில் மாமாவின் றைபிள்.

குளத்து வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மாமாவின் தகப்பனிடம் விட்டுப்போன துவக்கு அது. ஊரில் அப்படி வேறொன்று இல்லை. சாமி படத்துக்குக்கூட மாமா அவ்வளவு எண்ணெய் செலவழித்ததில்லை. ஒருநாள் அதன் கொக்கி உடைந்தது. சுட்டபின் வெற்றுத் தோட்டாக் கோதை வெளியே இழுக்கிற சின்ன இரும்பு. அது இல்லாமல் துவக்கு வெறும் தடிதான். யானை வயல் வட்டைக்குள் இறங்கும் பருவம் அது. மாமா வயற்காவலில் தகரம் தட்டிக்கொண்டு நின்றார்.

மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. மருமக்கள் நாங்கள் இரண்டு பேர்: நான், கரடியனாற்றில் இருந்த என் சின்னம்மாவின் மகன் தேவன். நான் பட்டணத்தில் இரும்புக்கடையில் வேலை பார்த்ததால் கொக்கி தேடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். இங்கிலாந்துத் துவக்கு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கொழும்புக் கடைகளுக்கு எழுதினேன். பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டினேன். படத்தில் இருந்த எந்தக் கொக்கியும் எங்கள் கொக்கி மாதிரி இல்லை. "வரும் மாமா, வரும்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தேவன் ஒரு விடுமுறைக்கு வந்தான். அவன் பள்ளிக்கூடத்திலும் என்னைவிடக் கெட்டிக்காரன். அந்த எரிச்சல் ஏற்கெனவே இருந்தது. வந்தவன் ஆணியைக் கழற்றி மரப்பிடியை எடுத்துவிட்டு, அடியில் மறைந்திருந்த இரும்பைத் துடைத்தான். செய்த கம்பனியின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

"அண்ணன், இஞ்ச பாருங்க. இது இங்கிலாந்தில்ல, பெல்ஜியம்."

இத்தனை மாதம் அந்தத் துவக்கைத் தடவித் தடவிப் பார்த்தவன் நான்.

புளியந்தீவில் பட்டறை வைத்திருந்த பறங்கிப் பெரியவர் எனக்குத்தான் பழக்கம். வேறு வழியில்லாமல் தேவனை அவரிடம் கூட்டிப்போனேன். கம்பனிப் பெயரைக் கேட்டதும் பழைய புத்தகம் ஒன்றில் கொக்கியின் படத்தை எடுத்துக் காட்டினார்.

"இது தெரியாம எவ்வளவு காலமாத் தேடுறீங்க?"

தேவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்பதான் தொடங்கினம் ஐயா" என்றான்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படத்தைப் பார்த்துப் பெரியவர் கொக்கியை அராவித் தந்தார். இரும்பு நான் கொண்டுபோய்க் கொடுத்தது. குளக்கட்டில் வைத்து மாமா துவக்கை முதலில் தேவன் கையில்தான் கொடுத்தார். வெடிச்சத்தத்தில் நீர்க்காகங்கள் கூட்டமாய் எழும்பின. கோது துள்ளி என் காலடியில் விழுந்தது. அதைப் பொறுக்கியது மட்டும் என் பங்கு.

அதற்குப் பிறகு கோயிலில், நெல்லுக்குத்துகிற மில்லில், தேத்தண்ணிக் கடையில், எங்கே போனாலும் மாமாவுக்கு ஒரே கதை.

"இதத் திருத்தினது ஆர் தெரியுமா? என்ட மருமகன் தேவன்."

பக்கத்தில் நான் நிற்பேன். மற்றவனும் அலைந்தான் என்று ஒரு சொல் வருமா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வரவில்லை.

பிறகு நாட்டில் சண்டை வந்து காலம் கெட்டது. துவக்குகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். மாமா தன்னுடையதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. கொஞ்சக் காலத்தில் ஆயுதத்தோடு சிலர் கரடியனாற்றுக்கு வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றுவரை தெரியாது.

"துவக்குத் திருத்துற தேவன்ட வீடு எது?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். "பின்னேரம் வந்திருவன் அம்மா" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போனான். சின்னம்மா சாகும்வரை அந்தப் பின்னேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அதற்குப் பிறகு மாமா துவக்கைப் பற்றிப் பேசியதில்லை. மில்லில் யாரோ பழைய கதையை எடுத்தபோது, "அத ஆரும் திருத்தல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இப்போது மாமா இல்லை. பறங்கிப் பெரியவர் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் போன் கடை. மாமா என் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் தேவனோடு என்னையும் கொண்டுபோயிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், சொந்தக்காரர் கூடுகிற இடத்தில் யாராவது "தேவன் இருந்திருந்தா" என்று தொடங்கினால், ஏன், நான் இருக்கிறேனே என்று உள்ளுக்குள் எரிகிறது. சண்டைபிடித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், அவன் இல்லை.